இரண்டு நோட்டுகள்: ஒரு வாசகிக்குக் கடிதம்

கிறிஸ்துவுக்குள் அன்பான சகோதரிக்கு,

திருப்பூரிலிருந்து நீங்கள் எழுதிய நீண்ட கடிதம் கிடைத்தது. உங்கள் பெயரும் கம்பெனியின் பெயரும் வெளியே தெரியக் கூடாது என்று கேட்டிருந்தீர்கள். தெரியாது. பதிலை மட்டும் எல்லாரும் படிக்கும்படி இங்கே எழுதுகிறேன், இதே கேள்வியோடு இருப்பவர்கள் அந்த ஊரில் மட்டுமே ஆயிரக்கணக்கில் இருப்பார்கள் என்பதால்.

மற்ற வாசகர்களுக்காக விஷயத்தைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். உங்கள் போதகர் வெளிநாட்டில் நடந்த ஒரு கிறிஸ்தவத் தலைவர்கள் மாநாட்டுக்குப் போய்வந்தார். அன்றாட வாழ்வில் சீஷத்துவம் என்பது பொருள். அடுத்த ஞாயிறு பிரசங்கமும் அதுதான். திரையில் மாநாட்டு மண்டபம், கொடிகள், பல நாட்டு உடைகளில் ஆயர்கள். சபையார் சந்தோஷப்பட்டார்கள். திங்கட்கிழமை காலை எட்டரைக்கு நீங்கள் டைம் ஆபீஸில் உட்காருகிறீர்கள். மேசையில் இரண்டு நோட்டு. ஒன்றில் டைலரும் செக்கிங் பெண்களும் உண்மையில் வேலை பார்த்த நேரம். இன்னொன்று வெளிநாட்டு பையர் அனுப்பும் ஆடிட்டருக்காக. அதில் எல்லாரும் எட்டு மணி நேரத்தில் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். இரண்டையும் எழுதுவது ஒரே கை, உங்கள் கை. "மாநாட்டில் பேசினதுக்கும் என் மேசைக்கும் என்ன சம்பந்தம் அண்ணாச்சி? இவங்க எதுக்குக் கூடுறாங்க?" என்று கேட்டிருந்தீர்கள்.

முதலில் கூடுகிறவர்களைப் பற்றி. மாநாடு என்றாலே உதட்டைப் பிதுக்கும் கூட்டத்தைச் சேர்ந்தவன் அல்ல நான். சாப்பாடு, பை, பேனா, குழுப்படம் என்று முடிந்துவிடுபவை உண்டு. ஆனால் மாநாடுகளில் உருப்படியானவையும் இருந்திருக்கின்றன. எதை வைத்து உருப்படி என்கிறேன் என்பதற்கு நாலைந்து மாநாடுகளைச் சொல்லலாம்.

உங்கள் போதகர் பேசிய விஷயத்தையே தலைப்பாக வைத்துக் கூடிய பெரிய மாநாடு 2018 மார்ச் 8 முதல் 13 வரை தான்சானியாவில், அரூஷா நகருக்குப் பக்கத்தில் நடந்தது. உலகத் திருச்சபைகள் மன்றத்தின் அருட்பணி மாநாடு. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள். 1958இல் கானாவின் அச்சிமோட்டாவில் கூடியதற்குப் பிறகு, அந்த வரிசை மாநாடு ஆப்பிரிக்க மண்ணுக்குத் திரும்பியது அப்போதுதான். தலைமை ஏற்றவர் கேரளத்தைச் சேர்ந்த சிரியன் ஆர்த்தடாக்ஸ் ஆயர் கீவர்கீஸ் மார் கூரிலோஸ். முடிவில் 'சீஷத்துவத்துக்கான அரூஷா அழைப்பு' என்று ஓர் அறிக்கை வந்தது. அதில் பன்னிரண்டு அழைப்புகள். சந்தையைத் தெய்வமாக்கிக் கும்பிடும் காலத்தில் திரியேக தேவனை ஆராதிப்பது, நிலத்தை இழந்தவர்களோடும் அகதிகளோடும் நின்று மதில்களை இடிப்பது, பணமும் பதவியும் மதிக்கப்படும் உலகில் ஊழியக்காரராகத் தலைமை தாங்குவது, இப்படி. நல்ல அறிக்கை. அந்த நடையில் வந்தவற்றில் நல்லது என்றே சொல்வேன். சமூகத்தின் ஓரத்தில் நிற்பவர்களுக்கு உதவி செய்வதைப் பேசாமல், அந்த ஓரத்திலிருந்தே ஆவியானவர் செயல்படுகிறார் என்று சொன்ன துணிவு எனக்குப் பிடித்தது.

ஆனால் அந்தப் பன்னிரண்டையும் உங்கள் மேசையில் வைத்துப் பாருங்கள். எதையும் நீங்கள் மறுக்க மாட்டீர்கள். உங்கள் முதலாளியும் மறுக்க மாட்டார். அவரும் விசுவாசிதான் என்று எழுதியிருக்கிறீர்கள்; ஆலயத்துக்கு ஜெனரேட்டர் வாங்கிக் கொடுத்தவர். அறிக்கையை வாசித்தால் ஆமென் சொல்லிவிட்டு, சாயங்காலம் உங்களைக் கூப்பிட்டு ஆடிட் நோட்டு ரெடியா என்று கேட்பார். யாருடைய கையையும் குறிப்பாகப் பிடிக்காத வாசகத்துக்கு எல்லாரும் ஆமென் சொல்லலாம். என் குறை அதுதான்.

அதே அரூஷாவில் அதற்கு ஐம்பத்தொரு வருடத்துக்கு முன்னால் வேறொரு அறிக்கை எழுதப்பட்டது. 1967இல் ஜூலியஸ் நைரேரேயின் கட்சி வெளியிட்ட அரூஷா பிரகடனம். அரசியல் அறிக்கை, திருச்சபை அறிக்கை அல்ல. ஆனால் நைரேரே பக்தியுள்ள கத்தோலிக்கர். அதில் தலைவர்களுக்கென்று சில விதிகள் இருந்தன. கட்சியிலோ அரசிலோ பொறுப்பில் இருப்பவர் கம்பெனிப் பங்கு வைத்திருக்கக் கூடாது. தனியார் கம்பெனியில் இயக்குநராக இருக்கக் கூடாது. இரண்டு சம்பளம் வாங்கக் கூடாது. வீடு கட்டி வாடகைக்கு விடக் கூடாது. நைரேரேயின் பொருளாதாரத் திட்டம் பிற்பாடு பலமாகச் சறுக்கியது. எழுபதுகளில் ஜனங்களைப் பலவந்தமாகப் புதுக் கிராமங்களுக்கு இடம்பெயர்த்த கொடுமையும் அதில் சேர்த்தி. தலைவர்கள் விதியையும் 1991இல் சான்சிபாரில் கூடிக் கைகழுவிவிட்டார்கள். கைகழுவ வேண்டி வந்தது பாருங்கள், அதைத்தான் கவனிக்கச் சொல்கிறேன். வீட்டு வாடகை உள்ளவனுக்கு அந்த விதி உறுத்தியது. உறுத்தாத விதியாக இருந்தால் அலமாரியிலேயே பத்திரமாக இருந்திருக்கும்.

சீஷத்துவ மாநாடு கூட்டுகிற நம் தலைவர்கள் இப்படி ஒரு பக்கம் எழுதினால் என்ன? சபைச் சொத்தைக் குத்தகைக்கு விடும்போது கமிட்டி உறுப்பினரின் உறவினருக்கு விடக் கூடாது. திருமண்டலத் தேர்தலில் ஓட்டுக்கு விருந்து வைக்கக் கூடாது. பள்ளிக்கூட வேலைக்கு நன்கொடை வாங்கக் கூடாது. எழுதினால் அடுத்த மாநாட்டுக்கு வருகிறவர்கள் எண்ணிக்கை குறையும் என்று நினைக்கிறேன். குறையட்டும்.

இனி எடின்பரோ. 1910 ஜூன். ஸ்காட்லாந்தில் உலக மிஷனரி மாநாடு. சுமார் 1,200 பிரதிநிதிகள். ஆசியர்கள் இருபது பேர்கூட இல்லை. அதில் ஒருவர் திருநெல்வேலிச் சீமையில் வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா. அப்போது 35 வயது. ஊரிலே அவர் பெயர் சொல்லாத சபை இல்லை. ஆனால் அன்று அவர் அங்கே பேசியது என்ன என்று கேட்டால், நண்பர்களைக் கேட்டார் என்ற ஒரு வரியோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். அதற்கு முன்னால் உள்ளதுதான் காரமான பகுதி.

மாநாடு முழுக்கப் புள்ளிவிவரம், நிலப்படம், இந்தத் தலைமுறைக்குள் உலகத்துக்கே சுவிசேஷம் என்ற உற்சாகம். அசரியாவுக்குக் கொடுக்கப்பட்ட பொருள் அந்நிய மிஷனரிகளும் சுதேச ஊழியர்களும் ஒத்துழைப்பது எப்படி என்பது. அவர் கோட்பாடு எதுவும் பேசவில்லை. கைகுலுக்குவதைப் பேசினார். சாப்பாட்டு மேசையைப் பேசினார். பல வருடம் ஒரே மாவட்டத்தில் சேர்ந்து ஊழியம் செய்த மிஷனரி, தன் இந்தியச் சக ஊழியரை ஒரு வேளையாவது வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டதுண்டா, அவர் வீட்டில் போய்ச் சாப்பிட்டதுண்டா என்று அந்த மிஷனரிகளின் முன்னாலேயே கேட்டார். உங்கள் தியாகங்களுக்காக இந்தியச் சபை நன்றியோடிருக்கும், ஆனாலும் அன்பைத்தான் கேட்கிறோம் என்ற பொருளில் சொல்லி, நண்பர்களைக் கொடுங்கள் என்று முடித்தார். அரங்கில் முகம் சுளித்தவர்கள் இருந்தார்கள். விருந்தாளியாக வந்த இடத்தில் இப்படியா பேசுவது என்று கோபப்பட்டவர்களும் இருந்தார்கள்.

நான் இதை உயர்வாகப் பேசுவதற்குக் காரணம் தேசப் பெருமை இல்லை. 1910இன் புள்ளிவிவரம் யாருக்கும் இன்றைக்கு நினைவில் இல்லை. உலகப் போர் வந்து அந்த உற்சாகத்தையும் நாலே வருடத்தில் துடைத்துக்கொண்டு போயிற்று. கையையும் சாப்பாட்டு மேசையையும் பற்றிப் பேசிய அந்தச் சில நிமிடம் நிற்கிறது. அதைக் கேட்ட மிஷனரி ஊருக்குத் திரும்பியபின் வரும் செவ்வாய்க்கிழமை ஒரு காரியம் செய்யலாம், அல்லது செய்ய மறுக்கலாம். மறுத்தால் மறுக்கிறோம் என்பது அவருக்கே தெரியும்.

அசரியா பேசிவிட்டுப் போனவரும் அல்ல. 1912இல் தோர்ணக்கல் பேராயரானார். ஆங்கிலிகன் சபையில் முதல் இந்தியப் பேராயர். தாய்மொழி தமிழ், திருமண்டலமோ தெலுங்கு. ஒருவரோடொருவர் பந்தியில் உட்காராத மாலர், மாதிகர் என்ற இரண்டு ஒடுக்கப்பட்ட சமூகத்தாரையும் ஒரே சபையாக்கும் வேலை அவர் தலையில் விழுந்தது. ஞானஸ்நானம் பெற்றவர்களைத் தங்கள் தலையிலேயே கைவைத்து, சுவிசேஷத்தை அறிவிக்காவிட்டால் எனக்கு ஐயோ என்று பவுல் சொன்னதைத் தங்கள் வாயால் சொல்லும்படி செய்வார். எழுத்தறியாத கூலிக்காரருக்கும் அதே பொறுப்பு. அந்தக் கூலிக்காரர் எப்படி அறிவித்தார்? பிரசங்கம் அவருக்கு வராது. குடியை விட்டார், பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார், கடனைக் கட்டினார். அவரை வயலில் வைத்து வேலை வாங்கிய மேல்சாதிக்காரர்கள் அதைப் பார்த்தார்கள். பார்த்துச் சிலர் சபைக்கே வந்தார்கள். சீஷத்துவத்தைப் பற்றி எத்தனை புத்தகம் வந்தாலும் எனக்கு தோர்ணக்கல் வயல்காடுதான் முதல் பாடம்.

அடுத்தது நம்மூர் தாம்பரம். 1938 டிசம்பர் 12 முதல் 29 வரை, சென்னை கிறிஸ்தவக் கல்லூரியின் அப்போதைய புத்தம்புது வளாகத்தில் சர்வதேச மிஷனரி மாநாடு. சீனாவில் நடக்க வேண்டியது. ஜப்பான் படையெடுத்ததால் இங்கே மாறியது. 69 நாடுகளிலிருந்து 471 பேர். போரிட்டுக்கொண்டிருந்த சீனாவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வந்தவர்கள் ஒரே கூரையின் கீழ் கிறிஸ்துமஸ் கொண்டாடினார்கள். ஹென்ட்ரிக் கிரேமரின் புத்தகத்தை வைத்துக்கொண்டு மற்ற மதங்களில் வெளிப்பாடு உண்டா இல்லையா என்று அறிஞர்கள் அடித்துக்கொண்டதைத்தான் சரித்திரப் புத்தகங்கள் பெரிதாக எழுதுகின்றன. அந்த விவாதம் வேண்டியவர்களுக்கு வேண்டியது. நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்க்கிறேன்.

தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களில் ஆல்பர்ட் லுத்துலி என்றொருவர். குருவானவர் அல்ல. ஆசிரியராக இருந்து, குரூட்வில் என்ற ஊரின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். கரும்புச் சாகுபடி செய்யும் சிறு விவசாயிகளுக்குச் சங்கம் அமைத்துக் கொடுப்பதும், ஊர் வழக்குத் தீர்ப்பதும்தான் அவருடைய அன்றாடம். ஞாயிறு அன்று பிரசங்கமும் செய்வார். 1952இல் வெள்ளை அரசாங்கம் அவர் முன் ஒரு தேர்வை வைத்தது: ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸை விடு, இல்லையென்றால் ஊர்த் தலைமையை விடு. அவர் எதையும் விட மறுத்தார். பதவியை அரசாங்கமே பறித்தது. அடுத்த மாதமே காங்கிரஸ் அவரைத் தலைவராக்கியது. 1960ஆம் ஆண்டுக்கான அமைதி நோபல் பரிசு அவருக்கு. இன்னொருவர் ஜப்பானின் தொயோஹிக்கோ ககாவா. கோபே நகரச் சேரியில் குடியேறி வாழ்ந்தவர், நுகர்வோர் கூட்டுறவுச் சங்கங்களைக் கட்டியவர். சீன மக்களிடம் மன்னிப்புக் கேட்டது உள்ளிட்ட போர் எதிர்ப்புப் பேச்சுக்காக 1940இல் அவரைப் பிடித்து உள்ளே வைத்தார்கள். போரின் பிந்தைய வருடங்களில் அவர் தடுமாறியதும் உண்டு; அதையும் மறைக்க வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்து டி. டி. நைல்ஸ், முப்பது வயது இளைஞர், அவரும் அங்கே இருந்தார்.

தாம்பரம் மாநாடு லுத்துலியை உண்டாக்கியது என்று சொல்ல வரவில்லை. கரும்புக்காரர் சங்கம் உண்டாக்கிய ஆள் அவர். ஆனால் அப்படிப்பட்டவர்கள் வந்து உட்காரும் மாநாட்டுக்கு வேறு கனம் வருகிறது. ஊரில் ஏற்கெனவே ஒரு பாரத்தைத் தூக்கிக்கொண்டிருப்பவன் பேசும்போது வார்த்தை வேறு மாதிரி விழும்.

பிந்தைய மாநாடுகளைச் சீக்கிரமாகத் தாண்டுகிறேன். 2010 அக்டோபரில் கேப் டவுனில் 198 நாடுகளிலிருந்து ஏறத்தாழ 4,000 சுவிசேஷத் தலைவர்கள் கூடியபோது, ஆலயக் காரியம் பரிசுத்தம், மற்ற வேலையெல்லாம் உலகம் என்று பிரித்துவைத்திருப்பதே விசுவாசிகளை முடக்கியிருக்கிறது என்று அறிக்கையிலேயே ஒப்புக்கொண்டார்கள். 2024 செப்டம்பரில் தென்கொரியாவின் இஞ்சியோனில் 5,000க்கு மேற்பட்டவர்கள். அங்கே வேலைத்தளம் தனிக் கவனம் பெற்றது, அறிக்கையில் சீஷத்துவத்துக்குத் தனிப் பகுதி. ஆனால் அந்த அறிக்கை மாநாடு தொடங்கிய உடனேயே வெளியாகிவிட்டது, வந்தவர்கள் பேசி எழுதியது அல்லவே என்று குறை எழுந்தது. நியாயமான குறை.

கேப் டவுனில் ஒப்புக்கொண்டதை நம் சபைகளில் இன்னும் யாருக்கும் சொல்லவில்லை போலிருக்கிறது. உங்கள் கடிதத்திலேயே ஒரு இடம். அறுப்பின் பண்டிகையில் பூசணிக்காய், சேவல், பழக்குலையோடு பனியன் பண்டலும் ஏலத்துக்கு வருமாம். முதலாளிகள் போட்டி போட்டு விலையேற்றுவார்களாம். கைதட்டல், ஸ்தோத்திரம். அந்தப் பண்டலில் காஜா எடுத்த பெண்ணும் பிசிறு வெட்டிய பெண்ணும் அன்று ஆலயத்துக்கு வரவில்லை, ஞாயிறு ஷிஃப்ட் என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அந்த ஒரு வரிக்காகவே இந்தப் பதில் இவ்வளவு நீள்கிறது.

நம்மிடம் சாட்சி சொல்கிறவர்களைக் கவனியுங்கள். நல்ல வேலையை விட்டு ஊழியத்துக்கு வந்தவர் மேடையேறுவார். அதே வேலையில் முப்பது வருடம் இருந்து, பொய்க்கணக்கு எழுத மாட்டேன் என்று சொல்லி, பதவி உயர்வில்லாமலே ஓய்வுபெற்ற குமாஸ்தாவை யாரும் மேடைக்குக் கூப்பிட்டதில்லை. மிஷனரிகளுக்காக ஜெபிக்கிறோம். தையல் மிஷின் முன்னால் உட்காரும் சபையாரை வேலைக்கு அனுப்பும்போது ஜெபிக்கிறோமா? வாலிபர் கூடுகையில் சீஷத்துவப் பாடம் என்றால் தனி ஜெபம், வேத வாசிப்பு, கைப்பிரதி கொடுத்தல். மூன்றும் வேண்டியவையே. டைம் ஆபீஸ் நோட்டு அந்தப் பாடத்தில் எங்கே வருகிறது?

யோவான் ஸ்நானனிடம் ஜனங்கள் வந்து, நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்ட பகுதியை லூக்கா மூன்றாம் அதிகாரத்தில் எடுத்து வாசியுங்கள். ஆயக்காரனுக்கு ஒரு பதில், போர்ச்சேவகனுக்கு வேறு பதில். வேலையை விட்டுவிட்டு வனாந்தரத்துக்கு வா என்று ஒருவருக்கும் சொல்லவில்லை. விதித்த வரிக்கு மேல் வாங்காதே. மிரட்டிப் பணம் பறிக்காதே, சம்பளம் போதும் என்றிரு. வெட்டுக்கிளி தின்று வனாந்தரத்தில் வாழ்ந்த மனிதருக்கு ஆயத்துறையில் எந்த இடத்தில் காசு கைமாறுகிறது என்பது துல்லியமாகத் தெரிந்திருக்கிறது.

இதைத் தன் காலத்தில் ஒழுங்காகச் செய்தவர் என்று நான் நினைப்பது ஒரு கத்தோலிக்கக் குருவை. பெல்ஜியத்து ஜோசப் கார்டைன். 1882இல் பிறந்தவர், தொழிலாளி வீட்டுப் பிள்ளை. குருமடத்தில் படிக்கப் போனார். விடுமுறைக்கு ஊருக்கு வந்தால், கூடப் படித்துவிட்டு ஆலைக்கும் சுரங்கத்துக்கும் வேலைக்குப் போன பழைய சிநேகிதர்கள் முகம் கொடுத்துப் பேசவில்லை. எதிர்க்கட்சிக்குப் போய்விட்டவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். அவர்கள் திருச்சபையை விட்டே விலகியிருந்தார்கள். பிள்ளையைப் படிக்கவைக்க உழைத்து ஓய்ந்த அப்பாவின் மரணப் படுக்கையில், தொழிலாளிகளுக்காகவே வாழ்வேன் என்று கார்டைன் உறுதி எடுத்துக்கொண்டார்.

1912இல் பிரஸ்ஸல்ஸை அடுத்த லாக்கன் பங்குக்கு அனுப்பப்பட்டார். அங்கே அவர் முதலில் திரட்டியவர்களில் தையல் வேலை செய்த இளம்பெண்கள் உண்டு. கவனியுங்கள் சகோதரி, தையல்காரப் பெண்கள். அவர்களுக்கு அவர் பிரசங்கம் வைக்கவில்லை. கேள்வி கொடுத்து அனுப்பினார். உன் வேலைத்தளத்தில் காலையில் எத்தனை மணிக்கு மிஷினில் உட்காருகிறார்கள்? புதிதாகச் சேர்ந்த சின்னப் பெண்ணிடம் மேஸ்திரி எப்படிப் பேசுகிறார்? அடுத்த கூட்டத்துக்கு அதைப் பார்த்து, விசாரித்து, எழுதிக்கொண்டு வர வேண்டும். பிறகு, நடப்பது சரியா, கிறிஸ்து இதை எப்படிப் பார்ப்பார் என்று அவர்களே பேச வேண்டும். கடைசியாக, அடுத்த வாரத்துக்குள் செய்யக்கூடிய ஒன்றைத் தீர்மானிக்க வேண்டும், எவ்வளவு சிறியதானாலும். பார், தீர்மானி, செய். இதுதான் முறை. 1925இல் இளம் கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கமாக அது உருவெடுத்தது. உலகம் முழுக்கப் பரவியது, தமிழ்நாட்டிலும் கால்கொண்டது. 1942இல் நாஜிகள் அவரைச் சிறையில் போட்டார்கள். 1961இல் பாப்பரசர் இருபத்துமூன்றாம் யோவான் தம் சுற்றுமடலிலேயே அந்த மூன்று படிகளையும் எடுத்தாண்டார். 1965இல் கார்டைன் கர்தினாலானார்.

தலைவர்கள் கூடி அன்றாடத்தைப் பற்றிப் பேசுவதற்கும், அன்றாடத்தில் இருப்பவர்கள் கூடி அதையே பேசுவதற்கும் உள்ள தூரம் இங்கே தெரியும். மாநாட்டு ஆயரின் அன்றாடம் வேறு. அவருக்கு ஓட்டுநர் உண்டு, செயலாளர் உண்டு, கோப்பு உண்டு. அவர் கெட்டவர் என்பதில்லை. பீஸ் ரேட்டில் ஐம்பது பைசா குறைந்தால் வீட்டில் எந்தச் செலவு நிற்கும் என்பது அவருக்குத் தெரிய வழியில்லை. தெரிந்தவர்களை மேடையில் பேசவிடாமல், அவர்களுக்காகப் பேசுவதுதான் இந்த மாநாடுகளின் தீராத வியாதி.

சரி, உங்கள் நோட்டுக்கு வருவோம்.

வேலையை விட்டுவிடட்டுமா என்று கேட்டிருந்தீர்கள். தம்பி படிப்புக்கு நீங்கள் அனுப்பும் பணம், அப்பாவின் மருந்து, ஹாஸ்டல் வாடகை எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். இதையெல்லாம் தெரிந்துகொண்டு, இங்கே ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து விட்டுவிடுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. விட்டால் உங்கள் மனசாட்சி லேசாகும், உண்மைதான். அந்த நாற்காலியில் வேறொரு பெண் வந்து அதே இரண்டு நோட்டை எழுதுவாள். டைலருக்கு ஒரு மணி நேரக் கூலிகூட அதிகம் கிடைக்காது. எனவே வேலையை விடுவதை முதல் படியாக வைக்காதீர்கள்.

இரண்டு நோட்டில் எது பெரிய பாவம் என்றும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஆடிட்டரிடம் பொய் சொல்வது உங்களை உறுத்துகிறது, உறுத்த வேண்டியதுதான். ஆனால் அந்தப் பொய் எதை மூடுகிறது? அசல் நோட்டில் ஒன்றரை ஷிஃப்ட், இரண்டு ஷிஃப்ட் என்று ஏறியிருக்கும் நேரத்துக்குச் சட்டப்படி வர வேண்டிய கூலி வருகிறதா? கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்புக் கூலி என்பது 1948ஆம் வருடத் தொழிற்சாலைச் சட்டம் தொட்டு உள்ளது. புதுத் தொகுப்புச் சட்டம் வந்த பிறகும் இரட்டிப்பு இரட்டிப்புதான். ஒற்றைக் கூலி கொடுத்துவிட்டு மிச்சத்தைப் பிடித்துக்கொண்டால், யாக்கோபு தன் நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்தில் அறுவடைக்காரர் கூலியைப் பற்றி எழுதினாரே, அது இது. ஆடிட்டரை ஏமாற்றுவது அதற்குப் போர்த்திய போர்வை. ஆடிட்டுக்கு முந்தின நாள் முதலுதவிப் பெட்டியில் மருந்து நிரப்புவதும், தீயணைப்பு வழியை அடைத்திருக்கும் பண்டல்களை நகர்த்துவதும், அவர் போன பிறகு எல்லாம் பழைய இடத்துக்கே திரும்புவதும் அதே துணியில் வெட்டியதுதான். எனவே நான் இனிப் பொய் எழுத மாட்டேன் என்பதில் நின்றுவிடாமல், அந்தக் கூலி அவர்களுக்குப் போய்ச் சேர்கிறதா என்பது வரைக்கும் போக வேண்டியிருக்கும். தனியாகப் போக முடியாது.

அதனால் கார்டைன் செய்ததைச் செய்து பாருங்கள். ஹாஸ்டலில் உங்களோடு ஜெபிக்கிற பெண்கள் இரண்டு மூன்று பேர் உண்டு என்று எழுதியிருந்தீர்கள். வெவ்வேறு கம்பெனியில் வேலை. நல்லதாகப் போயிற்று. ஜெபம் முடிந்ததும் பத்து நிமிடம், இந்த வாரம் அவரவர் கம்பெனியில் கண்டதைச் சொல்லுங்கள். ஓவர்டைமுக்கு என்ன கணக்கில் கூலி, பி.எஃப். சீட்டு கைக்கு வருகிறதா, ராத்திரி ஷிஃப்ட் முடிந்தால் வண்டி உண்டா. யார் பெயரும் எழுத வேண்டாம், அந்த விவரத்தை ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். உங்கள் அசல் நோட்டை வெளியே எடுத்து வராதீர்கள்; அது உங்களுக்கே வம்பாகும். கைவசம் விவரம் சேர்ந்த பிறகு, உங்கள் போதகரை அந்த ஹாஸ்டல் வரவேற்பறைக்குக் கூப்பிடுங்கள். ஆலயத்தில் வைத்துப் பேச வேண்டாம். செவ்வாயோ புதனோ, ஷிஃப்ட் முடிந்து நீங்கள் குளிக்காமல் சாப்பிடாமல் இருக்கும் ஒன்பது மணிக்கு வரட்டும். மாநாட்டில் கேட்டதை அங்கே சொல்லட்டும். அதன் பிறகு, உங்கள் முதலாளியிடம் போய்ப் பேச அவர் துணிவாரா என்று நேரடியாகக் கேளுங்கள். சேகரக் கமிட்டியில் அதே முதலாளி உட்கார்ந்திருக்கிறார் என்பது எனக்குப் புரிகிறது. போதகருக்கும் புரியும். அவர் மாநாட்டில் கேட்ட தலைப்பு அவருக்கே திரும்பி வரும் இடம் அது. அவர் தயங்கினால் கோபித்துக்கொள்ளாதீர்கள். அவருக்கும் மாற்றல் உண்டு, பிள்ளைகள் உண்டு, நெருக்குதல் உண்டு. ஆனால் கேட்காமல் விடாதீர்கள்.

அவர் பேசினால் என்ன நடக்கும்? தெரியாது. சில முதலாளிகள் கேட்டிருக்கிறார்கள். பையர் விலையைக் குறைக்கிறான், நாள் கெடு வைக்கிறான், நான் என்ன செய்வேன் என்று அவர்கள் புலம்புவதிலும் நியாயம் இருக்கிறது; கடைசிக் கணக்கில் அந்தப் பனியனை மலிவாக வாங்கும் ஐரோப்பிய ஊரின் ஆலயத்திலும் சீஷத்துவப் பிரசங்கம் நடக்கத்தான் செய்கிறது. அரூஷாவிலும் இஞ்சியோனிலும் ஒரே மண்டபத்தில் இரண்டு பக்கத்து ஆட்களும் உட்கார்ந்திருந்தார்கள், தைக்கிற நாட்டுக்காரரும் உடுத்துகிற நாட்டுக்காரரும். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்து விலையைப் பற்றி வாயைத் திறந்திருந்தால் எனக்கு எத்தனையோ சந்தோஷமாக இருந்திருக்கும். அடுத்த மாநாட்டுக்கு அழைப்பு வைத்திருக்கும் யாராவது இதை வாசித்தால், ஒரு டைம் ஆபீஸ் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போங்கள். விமான டிக்கெட்டுக்கு ஆகும் செலவு ஒன்றுதான்.

போதகர் ஹாஸ்டலுக்கு வந்தாரா, என்ன பேசினார் என்பதை எழுதுங்கள். வெளியிட வேண்டாம் என்றால் வெளியிட மாட்டேன்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் அண்ணாச்சி

பி.கு.: ஞாயிறு ஷிஃப்ட்டுக்குப் போவது பாவமா என்று கடிதத்தின் ஓரத்தில் கேட்டிருந்தீர்கள். அதற்குத் தனியாக எழுத வேண்டும். இப்போதைக்கு, கப்பல் தேதி நெருங்கிவிட்டது, ஞாயிறும் வாருங்கள் என்று சொன்னால், மாற்று விடுப்பு எந்தக் கிழமை என்பதை அன்றே நோட்டிஸ் போர்டில் எழுதி ஒட்டச் சொல்லுங்கள். டைம் ஆபீஸில் இருப்பவர் கேட்டால் ஒட்டுவார்கள்.